அவளுக்கும் சேர்த்துப் போட்ட வரவு

விரிவுரை மண்டபத்தில் வரவுத் தாள் கைமாறி வரும்போது, வராத தோழிக்கும் சேர்த்துக் கையெழுத்து வைக்காதவளை எங்கள் கம்பஸில் மனுசியாக மதிக்கமாட்டார்கள். கொரோனாவில் கம்பஸை மூடி, வகுப்புகள் போனுக்குள் வந்த பிறகும் அந்தப் புண்ணியத்தை நான் கைவிடவில்லை.

என் தோழி நெல்லியடிப் பக்கம். முதலாம் வருடத்திலிருந்து எனக்குப் பக்கத்துக் கதிரை. வீட்டில் இருந்த ஒரே போனில் தங்கச்சியும் படிக்க வேண்டும். ஒரு கிழமைக்கு மட்டும், ஏழே நாள், தன்னுடைய வரவையும் போட்டுவிடச் சொன்னாள். கொக்குவிலில் எங்கள் வீட்டில் சிக்னலுக்குக் குறைவில்லை. என் போனில் நான், அண்ணையின் மடிக்கணினியில் அவள் பெயரிலும் நான். கமராவை மூடிவிட்டால் யார் யாரென்று கடவுளுக்கும் தெரியாது. ஒருநாள் விரிவுரையாளர் அவளிடம் கேட்ட கேள்விக்கு நானே பதிலைத் தட்டி அனுப்பினேன். அவளைப் பாராட்டினார். அதைச் சொல்லிச் சிரிக்க அவளுக்குப் போன் எடுத்தேன். அவள் சிரிக்கவில்லை. படிப்பது ஒன்றும் மண்டையில் ஏறுவதில்லை, நித்திரையும் இல்லை என்றாள். இப்போது எல்லாருக்கும் அப்படித்தான் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவள் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. அவள் கேட்ட கிழமை முடிந்த பிறகும் வரவை மட்டும் ஒரு நாளும் விடாமல் போட்டேன்.

தொடர்ந்து வராதவர்களை விரிவுரையாளர் ஒவ்வொருவராகப் போனில் அழைத்து விசாரித்தார். படிப்பே வேண்டாமென்றிருந்த மானிப்பாய்ப் பிள்ளை ஒருத்தி அப்படித்தான் திரும்பி வந்தாள். அந்தப் பட்டியலில் இவளுடைய பெயர் இல்லாதது எனக்குப் பெருமையாக இருந்தது. எவ்வளவு பெரிய மடைச்சி நான்!

கம்பஸ் திறந்து, முதல் பரீட்சையில் அவள் வெறும் தாளைக் கொடுத்துவிட்டு அரை மணித்தியாலத்தில் எழும்பிப் போனாள். மற்றப் பரீட்சைகளுக்கு வரவேயில்லை. இரண்டு பஸ் மாறி வீட்டுக்குப் போனேன். ஆள் பாதியாகியிருந்தாள். படிப்பை விடுவதாகக் கடிதம் கொடுத்துவிட்டாளாம்.

"மூண்டு மாதம் கட்டிலை விட்டு எழும்பேல்லையடி," என்றாள். "வகுப்புக்கு வராட்டில் சேர் போன் எடுப்பார் எண்டு சொன்னவை. எடுத்தால் எல்லாத்தையும் சொல்லுவம் எண்டு, தங்கச்சியிட்டை போனை வாங்கிப் பக்கத்திலை வைச்சுக்கொண்டு கிடந்தனான். ஏனோ எனக்கு மட்டும் எடுக்கேல்லை."

ஏனென்று எனக்குத் தெரியும். சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவளுடைய அம்மா தேத்தண்ணி கொண்டுவந்தார். குடித்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழும்பி வந்துவிட்டேன். இன்றுவரை அவளுக்குச் சொல்லவில்லை.