தங்கையைத் தேடியவர்

செவ்வாய்க்கிழமை முற்பகல் தெமோதரைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கபிலன் அழைத்தான். "மிஸ், பெரியம்மா கொழுந்து எடுத்துக்கிட்டு இருக்கும்போதே விழுந்துட்டாங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுக்குள்ள முடிஞ்சிருச்சு." யாரைச் சொல்கிறான் என்று மறுபடி கேட்டேன். சரோஜா அக்காவைத்தான். முந்தைய நாள்தான் என்னோடு பேசியிருந்தார்.

மண்சரிவில் காணாமற்போன தங்கை ராணியை அவர் எப்படித் தேடினார் என்பது அவரை அறிந்தவர்களுக்குத் தெரியும். பிறகு நடந்தது பலருக்குத் தெரியாது. ராணியின் மகன் கபிலன் சம்மதித்ததால் எழுதுகிறேன்.

பதுளையில், இறந்தோரைப் பரிசோதிக்கும் சட்ட வைத்திய அதிகாரிக்கும் தோட்டத்து மக்களுக்கும் இடையே சிங்களத்தையும் தமிழையும் மொழிபெயர்ப்பது என் வேலை. சரிவுக்குப் பல மாதங்கள் கழித்து ஆற்றோரத்தில் ஒரு பெண்ணின் எலும்புகள் கிடைத்தன. கூடவே இருந்த கிழிந்த ஸ்வெட்டரைப் பார்த்ததும், "இது ராணியோடது. கை ஓரத்த நான்தான் தச்சுக் குடுத்தேன்" என்றார் சரோஜா அக்கா. பஞ்சுக் குச்சியால் அவர் கன்னத்தின் உட்புறத்தைத் தடவி, காணாமற்போனோருக்கான மரபணுத் தரவுத்தளத்துக்கு அனுப்பினார்கள்.

பொருந்தவில்லை என்று முடிவு வந்தது. சரோஜா அக்கா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "மிசின் தப்பா சொல்லுது மிஸ்."

கொழும்பில் கடையொன்றில் வேலைசெய்த கபிலனைக் கையோடு அழைத்து வந்தார். அவனுடைய மரபணு மாதிரி பொருந்தியது. எலும்புகள் ராணியுடையவைதான். அப்படியானால் சரோஜா அக்கா அவளுடன் பிறந்தவர் அல்ல. அதைத் தமிழில் சொல்ல வேண்டியவள் நான். தாய் தகப்பன் எப்போதோ இறந்துவிட்டார்கள், இருவரில் எடுத்து வளர்த்த பிள்ளை யார் என்று கேட்க ஆளில்லை.

சரோஜா அக்கா ஒன்றே ஒன்று கேட்டார்: "அப்ப ராணிய என்கிட்ட குடுக்க மாட்டீங்களா?"

கபிலன் கையெழுத்திட்டு, எலும்புகள் இருந்த பெட்டியை அவர் கையில் கொடுத்தான். பஸ்ஸில் அதை மடியை விட்டு இறக்காமலே போனார்.

புறப்படுமுன் வைத்தியர், எடுத்து வளர்த்த பிள்ளை சரோஜா அக்காவாக இருக்கலாம், அவருடைய மாதிரியை வைத்திருந்தால் என்றாவது அவரைப் பெற்றவர்களின் வழியில் உறவு அகப்படலாம் என்றார். "வேணாம், அழிச்சிருங்க. எனக்கு ஒரே தங்கச்சிதான்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

திங்களன்று அவர் என்னை அழைத்தது அதற்காகத்தான்.

"மிஸ், அத அழிச்சிட்டாங்களா?"

"இன்னும் இல்லக்கா."

"அப்ப இருக்கட்டும். எனக்காக இல்ல. என்னைய யாராச்சும் தேடிக்கிட்டு இருந்தா? தேடுறவங்க பாடு எனக்குத் தெரியும்ல."

மறுநாள் அவர் இல்லை. இன்னும் என் மனம் அதை ஏற்கவில்லை. ஒருநாள் யாரோ ஒருவர் அவரைத் தேடி வரக்கூடும். சரோஜா அக்கா எப்படிப்பட்டவர் என்று வருபவரிடம் சொல்லும் பொறுப்பை எனக்கு விட்டுப் போயிருக்கிறார். அதை நான் கைவிட மாட்டேன்.