மோர்மிளகாய் காய்ந்த பலகைகள்

ஞாயிறு மதியம் மூன்று இருபதுக்கு அந்த நீலப் புள்ளி நின்றது.

காலையில் ஜீப்பை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது, தான் போகும் வழி என் கைபேசியில் தெரியும்படி மகள் செய்துவிட்டுப் போயிருந்தாள். நான் கேட்டதால்தான் செய்தாள். வரைபடத்தில் அவள் ஒரு நீலப் புள்ளி. ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை, அங்கிருந்து காட்டு வளைவுகளில் இறங்கி அஞ்செட்டி, அதைத் தாண்டி நாட்றாம்பாளையம். அதற்கப்புறம் மண் பாதை. அதன் கடைசியில் இருந்தது, போச்சம்பள்ளித் தொழிற்சாலையில் அவளோடு வேலை செய்யும் பெண்ணின் ஊர். அந்தப் பெண்ணின் அக்கா குழந்தைக்குக் காதுகுத்து. சாப்பாடு முடிந்து மகள் திரும்பக் கிளம்பியதும் புள்ளி நகர்ந்தது. ஓர் ஓடையின் மெல்லிய கோட்டைத் தொட்டதும் நின்றுவிட்டது. கூப்பிட்டேன். கர்நாடக எல்லை ஓரம் என்பதால் அங்கே டவர் அடிக்கடி அந்தப் பக்கம் தாவிவிடும். தொடர்பு கிடைக்கவில்லை என்று ஒரு பெண் குரல் கன்னடத்தில் சொன்னது. மறுபடி கூப்பிட்டேன். அதே பெண், அதே பொறுமை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மகள் நன்றாக இருக்கிறாள். திங்கட்கிழமை காலை போச்சம்பள்ளி விடுதிக்குப் போய்ச் சேர்ந்து, "சேந்துட்டேம்ப்பா, தூங்குங்க" என்று பேசினாள். எனக்குத்தான் இன்னும் தூக்கம் சரியாக வரவில்லை. கண்ணை மூடினால் புள்ளி தெரிகிறது. எழுதினால் இறங்கும் என்று எழுதுகிறேன்.

வீட்டுக்குள் சிக்னல் குறைவு என்று மொட்டை மாடிக்கு ஓடினேன். அங்கே என் மனைவி மோர்மிளகாயைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு நாள் மழைக்குப் பிறகு அன்றுதான் வெயில் அடித்தது. மிளகாய்கள் வரிசையாகப் படுத்திருந்தது இரண்டு ஆரஞ்சு நிறப் பலகைகளின் மேல்.

அந்தப் பலகைகள் மகள் தன் சம்பளத்தில் வாங்கியவை. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவான கெட்டிப் பிளாஸ்டிக். மேலே வரிசை வரிசையாகப் பற்களும் இடையிடையே ஓட்டைகளும் இருக்கும். சேற்றில் மாட்டிய சக்கரத்துக்கு முன்னால் மண்ணைத் தோண்டிச் செருகினால், பற்களைப் பிடித்துக்கொண்டு வண்டி ஏறி வந்துவிடும். பெட்டியைப் பிரித்த அன்றே, "இது எதுக்குடி? வத்தல் போட நல்லாருக்கும்போல" என்று மனைவி கேட்டிருந்தாள். ஓட்டை இருப்பதால் அடியிலும் காற்றுப் போகிறதாம்.

"இத ஏன் எடுத்தே?" என்றேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"ஏன், ஜீப்புலதான சும்மா கெடந்துச்சு. வெள்ளிக்கெழமயே எடுத்தேன். எதுக்கு இப்பிடிக் கத்துறீங்க?"

நான் கைபேசியை நீட்டினேன். அவள் பார்த்தாள். மிளகாயை அப்படியே தரையில் கொட்டிவிட்டு, பலகைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எனக்கு முன்னால் படியிறங்கினாள்.

காரில் கிளம்பினோம். எங்கள் கார் பார்க்க ஜீப் மாதிரி உயரமாக, முரட்டுத்தனமாக இருக்கும். நாலு சக்கரத்தில் முன்னால் இருக்கிற இரண்டுதான் இழுக்கும். வாங்கும்போதே அது எனக்குத் தெரியும். இந்த வயதில் இது போதும் என்று நினைத்திருந்தேன்.

தேன்கனிக்கோட்டை வரை அவள் கைபேசியைப் பிடித்துக்கொண்டு புள்ளியையே பார்த்திருந்தாள். எனக்கு அந்த ஜீப்பின் நினைப்பாகவே இருந்தது. அதை நினைத்தால் மற்றதை நினைக்காமல் இருக்கலாம்.

ஜீப்பை வாங்கியபோது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. டிப்ளமோ முடித்து ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்திருந்தேன். என் அறைத்தோழனுக்கு ஊர் வேப்பனப்பள்ளி. வீட்டில் மாந்தோப்பு, பேச்சில் பாதி தெலுங்கு. இரண்டு பேரும் பாதிப் பாதி போட்டு வாங்கினோம். அப்போதெல்லாம் இந்தப் பக்கம் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி என்றால் அது ஏதோ ஒரு அதிகாரியின் வண்டியாகத்தான் இருக்கும். ஒருமுறை சோதனைச் சாவடியில் எங்களைப் பார்த்ததும் ஒருவர் விறைப்பாக எழுந்து சல்யூட் அடித்தார். நாங்களும் பதிலுக்கு ஒன்று அடித்துவிட்டு நிற்காமல் வந்துவிட்டோம். அந்த வாரம் முழுக்க அறையில் ஒருவருக்கொருவர் சல்யூட்தான்.

இப்போது ஒரு குமிழைத் திருகினால் உட்கார்ந்த இடத்திலேயே எல்லாம் நடக்கிறது. எங்கள் வண்டியில் இறங்க வேண்டும். முன் சக்கரங்கள் இரண்டின் நடுவிலும் ஒரு பூட்டு உண்டு. கையால் அதைத் திருகினால்தான் உள்ளே போட்ட ஃபோர் வீல் கியர் முன் சக்கரத்துக்குப் போய்ச் சேரும். காய்ந்த தரையில் நிற்கும்போதே திருகிவிட்டுப் போவதுதான் முறை. நாங்கள் ஒரு நாளும் அப்படிச் செய்ததில்லை. சேற்றில் இறங்கி, வண்டி உட்கார்ந்த பிறகுதான் ஞாபகம் வரும். வேப்பனப்பள்ளித் தோப்புப் பாதையில் ஒருநாள் நான் முழங்கால் சேற்றில் நின்று பூட்டைக் கையால் தடவித் தேடுகிறேன். அவன் மேலே உட்கார்ந்துகொண்டு, "திப்பு ரா, திப்பு!" என்று தெலுங்கில் திருகச் சொல்லிக் கத்துகிறான்.

"நீ எறங்கித் திப்பு."

"வெள்ள பேன்ட்டு ரா. சாயந்திரம் பொண்ணு பாக்கப் போணும்."

அந்தப் பெண்ணை அவன் கட்டிக்கொள்ளவில்லை. பேன்ட் மட்டும் அன்று தப்பித்தது.

வண்டியில் மாட்டுவதற்கென்று கடையில் எதுவும் கிடைக்காது. எல்லாம் நாங்களே செய்துகொண்டதுதான். மேலே சாமான் வைக்கும் கம்பித் தட்டை ஒரு வெல்டிங் பட்டறையில் அடித்தோம். அது காற்றில் ஊளையிட்டது. விளக்கு, லாரிக்குப் போடுகிற மஞ்சள் விளக்கு. ஓடையில் இறங்கும்போது எஞ்சினுக்குள் தண்ணீர் போகாமலிருக்க, வீட்டுக்குப் போடும் பிளாஸ்டிக் குழாய் ஒன்றைக் காற்று இழுக்கும் வாயில் மாட்டி, கண்ணாடியோரமாக மேலே தூக்கிக் கட்டினோம். வெயிலில் அது மெல்ல வளைந்து ரோட்டில் போகிறவர்களைக் கும்பிட்டது. கயிறு வாங்கக் கிருஷ்ணகிரி போனோம்.

"என்னா லோடு ஏத்துறீங்க?" என்று கயிற்றுக் கடைக்காரர் கேட்டார்.

"லோடு இல்லீங்க. ஞாயித்துக்கெழம சேத்துல மாட்டிக்குவோம். அப்ப இழுக்கறதுக்கு."

அவர் எங்களை மேலும் கீழும் பார்த்தார். "மாட்டிக்கறதுக்குன்னே போறீங்களா? வீட்டுல பெரியவங்க யாரும் இல்லியா?"

இருந்தார்கள். அவர்களுக்கு நாங்கள் எங்கே இருக்கிறோம் என்று தெரியாது, அவ்வளவுதான். திங்கட்கிழமை வேலைக்குப் போனால் உயிரோடு இருக்கிறோம் என்று அர்த்தம். நண்பன் வெளிநாடு போகும்போது அவன் பங்கை எனக்குக் கொடுத்துவிட்டான். பிறகு ஜீப் பல வருஷம் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. போன வருஷம் மகள்தான் அதைக் கழற்றி, மாட்டி, ஓட வைத்தாள். புதுக்கயிறு, முன்னால் இழுவைக் கொக்கி, பெட்டி பெட்டியாக ஏதேதோ வந்தது. பெட்டியைப் பிரிக்கும்போது அவளைவிட எனக்குத்தான் ஆசை. அந்த ஆசையில் ஒரு பயமும் சேராமல் போனது இப்போது ஆச்சரியமாக இருக்கிறது.

காட்டு வளைவுகளில் இறங்கும்போது மனைவி வாயைத் திறந்தாள். "கயிறாவது ஜீப்புல இருக்கா?"

"இருக்கு."

"புடிச்சி இழுக்க ஆளு?"

நான் அடுத்த வளைவுக்கு ஹாரன் அடித்தேன். ஓடையில் தண்ணீர் எவ்வளவு என்று அவள் கேட்கவில்லை.

நாட்றாம்பாளையத்தில் ஒரு டீக்கடை முன்னால் நிறுத்தி வழி கேட்டேன். கடையிலிருந்த பெண் வழி சொன்னாள். சொல்லிவிட்டு, "மூணு நாளா ஆன எறங்குதுங்க சார், ராயிக் காட்டுக்கு. பொழுது சாயறதுக்குள்ள திரும்பிருங்க" என்றாள். கேழ்வரகு கதிர் முற்றுகிற காலம்.

"ஒரு பொண்ணு, பச்ச ஜீப்புல..." என்று மனைவி ஆரம்பித்தாள்.

"காலையில போச்சு. நல்லா ஓட்டுது. திரும்பி வரல."

நல்லா ஓட்டுது என்று அவள் சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. திரும்பி வரல என்பது மட்டும்தான் விழுந்தது. தார் முடிகிற இடத்தில் நிறுத்திவிட்டு நடந்திருக்க வேண்டும். அது எனக்குத் தெரியும். ஆனால் ஆனை என்றதும் கால் தானாக அழுத்தியது. மண் பாதையில் கொஞ்ச தூரம் நன்றாகத்தான் போனோம். ஒரு திருப்பத்தில், இரண்டு பக்கமும் முள்வேலி நெருங்கி வருகிற இடத்தில், கார் ஒரு பக்கமாகச் சரிந்து உட்கார்ந்தது. அழுத்தினேன். சக்கரம் சுற்றியது, கார் நகரவில்லை. இன்னும் அழுத்தினேன். இன்னும் இறங்கியது.

"அழுத்தாதீங்க" என்றாள் மனைவி. "இத்தன வருசமா கத கதயா சொன்னீங்களே, மாட்டுனா அழுத்தக் கூடாதுன்னு."

இறங்கி ஆரஞ்சுப் பலகைகளை எடுத்தோம். அவற்றில் இன்னும் மோர் வாசனை அடித்தது. ஒன்றிரண்டு மிளகாய் பல்லிடுக்கில் சிக்கிக்கொண்டிருந்தன. கையால் சேற்றைத் தோண்டி, முன் சக்கரங்களுக்கு அடியில் செருகினோம். அவளை ஒதுங்கி நிற்கச் சொல்லிவிட்டு ஏறி மெதுவாகத்தான் கொடுத்தேன், அல்லது மெதுவாக என்று நினைத்துக்கொண்டேன். ஒரு பலகை பின்பக்கமாகப் பாய்ந்து வேலியில் போய் விழுந்தது. இன்னொன்று சக்கரத்துக்கு அடியில் அப்படியே முங்கிப் போனது. ரப்பர் கருகிய நெடி. இறங்கி நின்று பார்த்தேன். பாதையை முழுசாக அடைத்துக்கொண்டு எங்கள் கார் நின்றது. மகள் வந்தாலும் இந்த வழியாகத்தான் வர வேண்டும். அவளைக் காப்பாற்ற வந்து, அவள் வெளியே வருகிற ஒரே வழியை நான் அடைத்துவிட்டேன்.

வெளிச்சம் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. தூரத்தில் எங்கோ தகரம் தட்டினார்கள். ஆனையை விரட்டத்தான் இருக்கும். மனைவி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் எடுத்திருக்கக் கூடாது" என்றாள். "எத?" என்றேன், என்னவென்று தெரிந்தே. "மொளகாய்க்கு வேற எடமா இல்ல" என்றாள். அழவில்லை. முகத்தைத் துடைத்தபோது சேறுதான் அப்பிக்கொண்டது. நடந்தே போய்விடலாம் என்று நான் சொன்னேன். அவள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள். காரைப் பூட்டினேன். இந்தச் சேற்றில் யார் எடுத்துப் போகப் போகிறார்கள் என்று தெரியவில்லை, பூட்டினேன்.

பத்தடி போவதற்குள் சத்தம் கேட்டது.

அந்தச் சத்தத்தை எந்தக் கூட்டத்திலும் எனக்கு அடையாளம் தெரியும். ஃபோர் வீல் போட்டு, சின்ன கியரில், முன் அச்சின் பல்சக்கரங்கள் ஊம் என்று இழுத்துக்கொண்டே வருகிற சத்தம். மனைவிக்கும் தெரிந்துவிட்டது. கையிலிருந்த செருப்பு கீழே விழுந்தது.

திருப்பத்தில் ஜீப்பின் மூக்கு தெரிந்தது. அப்புறம் ஜீப் தெரியவில்லை, ஆட்கள்தான் தெரிந்தார்கள். முன்னால் நாலு பேர், பின்னால் எத்தனை பேர் என்று எண்ண முடியாது. பட்டுப் புடவைகள், மாலை போட்ட ஒரு மொட்டைத் தலைக் குழந்தை, பக்கவாட்டில் தொத்திக்கொண்ட இரண்டு ஆண்கள், யாரோ மடியில் ஒரு பெரிய பாத்திரம். எல்லார் உடம்பிலும் இடுப்பு வரை ஓடைச் சேறு. நடுவில், ஸ்டீயரிங்குக்குப் பின்னால், நெற்றியில் சந்தனமும் கன்னத்தில் சேறுமாக என் மகள்.

நிறுத்தினாள். எங்களைப் பார்த்தாள். காரைப் பார்த்தாள். வேலியில் தொங்கிய ஆரஞ்சுப் பலகையைப் பார்த்தாள்.

"நீங்க எதுக்கு வந்தீங்க?"

மனைவி ஓடிப்போய் அவள் முழங்கையைப் பிடித்து, உடைந்திருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லம்மா. ஓடையில வழுக்கிப் பள்ளத்துல எறங்கிருச்சு. போனு தண்ணியில. இவங்கல்லாம் பஸ்சுக்குன்னு பின்னால நடந்து வந்தாங்க, கயித்தக் கட்டி இழுத்துவிட்டாங்க. கொஞ்ச நேரம் ஆச்சு, அவ்ளோதான்."

அவ்ளோதான் என்றாள். நான் ஜீப்பின் எஞ்சின் மூடி மேல் கை வைத்துச் சாய்ந்தேன். சுட்டது. எடுக்கவில்லை.

முன்னிருக்கையில் இருந்த ஒரு நடுவயதுப் பெண், குழந்தைக்கு அத்தை முறையாக இருக்க வேண்டும், எட்டிக் காரைப் பார்த்தாள். கன்னடத்தில் பின்னாலிருந்தவர்களிடம் ஏதோ சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு மடியிலிருந்த பாத்திரத்தைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகியபடி சேற்றில் இறங்கினாள்.

"ஏங்ணா, ஒங்க மகள இழுத்து இப்பத்தான் கைய கழுவுனோம்" என்றாள் என்னிடம். "சரி, வண்டியத் தொறந்து விடுங்க. பேசிக்கிட்டே நின்னா கடைசி பஸ்சு போயிரும்."