சங்கத்தை எதிர்த்து சங்கக் கொடியையே கட்டினோம்

டீசல் புகையும், எங்கள் ஊரில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைச் சட்னி தாளிக்கிற வாசனையும் ஒன்றாக மூக்கில் ஏறினால் போதும்... எனக்குத் திண்டிவனத்தில் வேலை பார்த்த பஸ் டிப்போ கேன்டீன் ஞாபகம் வந்துவிடும்.

கல்யாணத்துக்கு முன்னால் அங்கேதான் இருந்தேன். கேன்டீனை நடத்தியது டிப்போவின் தொழிற்சங்கம். முதலாளி கிடையாது. தொழிலாளிகள் சாப்பிட, தொழிலாளிகளே நடத்துகிற கடை. சமையல் அஞ்சலை அக்கா, பாத்திரம் சரோஜா, பரிமாறுவது நான்.

ஒரே குறை... வார லீவு கிடையாது. கேட்டால் சங்கச் செயலாளர் ராஜவேலு அண்ணன் சிரித்துக்கொண்டே சொல்வார்:

"நம்ம கேன்டீன்மா இது. நம்ம ஊட்டு வேலைக்கு யாராச்சும் லீவு கேப்பாங்களா?"

அந்த "நம்ம" இருக்கிறதே, அதைக் கேட்டதும் மறுபடி கரண்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விடுவோம். நல்ல மனிதர் வேறு. யாருக்கு மெமோ வந்தாலும் மேனேஜர் ரூம் வாசலில் முதல் ஆளாகப் போய் நிற்பவர். அவரிடம் எப்படிச் சண்டை போடுவது?

ஞாயிறு சாயங்காலம் கேன்டீனிலேயே அரசியல் வகுப்பு எடுப்பார். நான் டீ கொடுத்துக்கொண்டே காதைத் தீட்டி வைத்திருப்பேன். ஒருநாள் ஒரு கண்டக்டர் கேட்டார்:

"சோசலிச நாட்டுல அரசாங்கமே தொழிலாளியோடதுன்றீங்க. அப்புறம் அங்க சங்கம் எதுக்கு தோழர்? யாரை எதுத்துக் கொடி புடிக்கிறது?"

அண்ணன் அசரவில்லை. "ஆட்சி நம்மளோடதாவே இருக்கட்டும்பா. நாற்காலில உக்கார்றவன் மனுஷன்தானே? உக்கார உக்கார காது மந்தமாயிடும். அவன் காதுல ஏர்ற மாதிரி சத்தமா சொல்ல ஒரு ஆளு வேணும். அதுதான் சங்கம்."

அடேயப்பா, எங்கள் கதையையல்லவா சொல்கிறார் இந்த மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வாரமே அஞ்சலை அக்காவின் மகளுக்கு முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து குழந்தை பிறந்தது. ஒரே ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அக்கா கேட்டார். "வேற ஆளு இல்லியேம்மா, நம்ம டிரைவருங்க பட்டினி கெடப்பாங்களே" என்றார் அண்ணன். அக்கா அன்று முழுக்க அழுதுகொண்டேதான் சமைத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் காலை நாங்கள் அடுப்பே பற்ற வைக்கவில்லை.

ஸ்டிரைக் என்றால் கொடி வேண்டுமே... எங்களிடம் ஏது கொடி? பக்கத்து ரூம்தான் சங்க ஆபீஸ். அங்கிருந்த சங்கக் கொடியையே எடுத்துவந்து கேன்டீன் வாசலில் கட்டினேன். வந்தது வினை!

காலை ஷிப்ட் டிரைவர்கள் கொடியைப் பார்த்தார்கள். சங்கமே ஸ்டிரைக் அறிவித்துவிட்டது என்று நினைத்து, ஒருத்தரும் வண்டியை எடுக்கவில்லை! செஞ்சி பஸ், பாண்டிச்சேரி பஸ், எல்லாம் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. ராஜவேலு அண்ணன் லுங்கியோடு சைக்கிளில் வந்து இறங்கினார்.

"யார்ரா ஸ்டிரைக்குன்னது? என்னைக் கேக்காம இன்னாடா இது பேஜாரு!"

"டிரைவருங்க இல்லண்ணா, நாங்கதான். கேன்டீன் ஸ்டிரைக்கு" என்றேன்.

"நம்ம கேன்டீன்ல நம்மளை எதுத்தேவா?"

"நீங்கதானேண்ணா கிளாஸ்ல சொன்னீங்க. கேன்டீனு தொழிலாளியோடதுதான். ஆனா நாற்காலில நீங்கதானே உக்காந்துகினு இருக்கீங்க?"

அண்ணன் முகம் சிவந்துவிட்டது. கூட்டத்தில் ஒரு டிரைவர் பலமாகச் சிரித்தார். "பதில் சொல்லுங்க செயலாளரே. ஜல்தியா சொல்லுங்க, பசிக்குது."

அண்ணன் சைக்கிளை ஓரமாக நிறுத்தினார். பிறகு டிரைவர்களை வண்டி எடுக்கச் சொன்னார். ஒரு பெஞ்சை இழுத்துப் போட்டு, "உக்காருங்கம்மா, பேசலாம்" என்றார். முறை வைத்து ஆளுக்கு வாரம் ஒரு நாள் லீவு, அன்றைக்கு சங்கத்து ஆட்கள் வந்து வேலை செய்வார்கள் என்று முடிவானது.

"அஞ்சலை, நீ மொத வண்டில கெளம்பு. பேரப்புள்ளையைப் பாரு, போ."

அக்கா செருப்பைக்கூட மறந்துவிட்டு ஓடினார். அன்றைய சாம்பாரை மெக்கானிக்குகள் வைத்தார்கள். ஒரே உப்பு. யாரும் மூச்சுவிடவில்லை.

அடுத்த ஞாயிறு வகுப்பில், கேள்வி கேட்ட அந்தக் கண்டக்டரிடம் என்னைக் காட்டி அண்ணன் சொன்னார்: "சங்கம் எதுக்குன்னு கேட்டியே... தோ, டீ குடுத்துகினு நிக்குது பாரு பதிலு."

இன்றைக்கு விக்கிரவாண்டி டோல்கேட் பக்கம் சொந்தமாக மெஸ் நடத்துகிறேன். பார்சல் எடுக்க வரும் டெலிவரி பையன்களிடம், "ஒரு குறைன்னா யார்கிட்டப்பா சொல்லுவ?" என்று கேட்டால் போனைக் காட்டுகிறார்கள். பாவம்... எங்களுக்காவது எதிரே உட்கார ஒரு மனுஷன் இருந்தார்.

போன வாரம் என் மெஸ்ஸில் வேலை பார்க்கும் பெண்கள் மொத்தமாக வந்து நின்றார்கள். "அக்கா, அமாவாசைக்கு மேல்மலையனூர் போவணும். எல்லாருக்கும் லீவு வேணும்."

கோயில் கூட்டம் வேன் வேனாகப் போகிற நாள், மாதத்திலேயே நல்ல வியாபாரம் அன்றைக்குத்தான். ஒருத்தியாவது இருங்கடி என்று கெஞ்சிக்கூடப் பார்த்தேன். அசையவில்லை. கோபம் கோபமாக வந்தது... கூடவே, சத்தியமாகச் சொல்கிறேன், பெருமையாகவும் இருந்தது.

ஆகவே நண்பர்களே, வருகிற அமாவாசைக்கு மெஸ் லீவு. அன்றைக்குச் சாப்பாட்டுக்கு வேறு கடை பார்த்துக்கொள்ளுங்கள்.