மயக்க மருந்து டாக்டருக்கு ஆபரேஷன்

நாங்கள் மூன்று மயக்க மருந்து டாக்டர்கள் சேர்ந்து காஞ்சிபுரத்தில் தொழில் நடத்தினோம். ஒருவர் லண்டன் போனார், இன்னொருவர் மலேசியா. போர்டில் மட்டும் இன்னும் மூன்று பெயர்கள் இருக்கின்றன.

இன்று காலை எனக்கே குடலிறக்கம் என்று தெரிந்தது. வயிற்றை அழுத்திப் பார்த்த சர்ஜன், பழக்கதோஷத்தில் நர்ஸிடம் சொன்னார்:

"வியாழக்கிழமை ஆபரேஷன். மயக்கத்துக்கு நம்ம டாக்டரை வரச் சொல்லிடும்மா."

நர்ஸ் என்னைக் காட்டினாள்.

"அவருதான் சார் இங்க படுத்துக்கினு இருக்காரு."

மூவரும் சிரித்தோம். நான் கொஞ்சம் முன்னதாகவே நிறுத்திவிட்டேன்.

வேறொரு மயக்க மருந்து டாக்டரைக் கேட்டு வேலூருக்கு டிரங்கால் போட்டிருக்கிறார்கள். ஊசி போட ஆள் வந்துவிடும். ஆனால், "பயப்படாதீங்க, பக்கத்துலயே இருக்கேன்" என்று இத்தனை வருடம் ஊருக்கெல்லாம் நான் சொன்னதை எனக்குச் சொல்ல ஒருவர் வேண்டுமே.

இதைப் படிக்கிறவர்களே, வியாழக்கிழமை காலை உங்களில் யார் சும்மா இருக்கிறீர்கள்?