அப்பா காருக்கு வாங்கிய குரல்

தம்பானூர் சிக்னலில் சென்ற மாதம், மழை விட்ட புழுக்கத்தில் நின்றுகொண்டிருந்தபோது, பின்னாலிருந்து ஒரு ஹார்ன் கேட்டது. அடியில் ஒரு கனத்த குரல், அதன் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டு ஒரு மெல்லிய குரல், இரண்டும் ஒரே மூச்சில். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு மட்டும் காது மடல் சுட்டது. ஐம்பதைத் தாண்டியவளின் காது எதற்காகப் பள்ளிக்கூடப் பிள்ளையின் காதுபோலச் சிவக்கிறது என்று பக்கத்து ஸ்கூட்டர்காரருக்குத் தெரிய நியாயமில்லை.

எங்கள் பழைய காருக்கு அப்பா தேடித் தேடி வாங்கிய குரல் அது.

தயிர் நிறத்தில், மூன்றாவது கையோ நான்காவது கையோ மாறி எங்களிடம் வந்த கார். கோட்டைக்குள் எங்கள் பழைய அக்கிரகாரத் தெருவில் அதை நிறுத்த இடமில்லை என்பதும், கரமனை ஆற்றைத் தாண்டிப் புது வீட்டுக்கு நாங்கள் குடிபோனதற்கு ஒரு காரணம். கம்பெனியில் பொருத்தி அனுப்பிய ஹார்ன் அதில் அப்படியே இருந்தது. அதை ஹார்ன் என்பது ஒரு மரியாதைக்குத்தான். அழுத்தினால் மூக்கடைத்த குழந்தை சிணுங்குவதுபோல ஏதோ வரும். சைக்கிள் நகராது, மாடு நகராது. பொன்முடிக்கு முதன்முதலாகப் போனபோது ஒரு கொண்டை ஊசி வளைவில் அப்பா அதை அழுத்திக்கொண்டே திரும்ப, எதிரே இறங்கிய பஸ்காரர் காதில் விழாமல், முட்டுவதற்குக் கையகல இடைவெளியில் பிரேக் போட்டார். போட்டுவிட்டு எட்டிப் பார்த்து, "ஹோர்ன் இல்லெங்கில் விரல் வெச்சு விசிலடிச்சூடே சாமி?" என்றார். பஸ் முழுவதும் சிரித்தது. நான் சீட்டுக்குக் கீழே நழுவி, கால்மிதியில் முகத்தை வைத்துக்கொண்டேன்.

அப்பாவுக்கு அது உறுத்திக்கொண்டே இருந்திருக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு சாலைக் கடைத்தெருவுக்குப் போனார். திருநெல்வேலிக்கார அண்ணாச்சி ஒருவரின் ஸ்பேர் பார்ட்ஸ் கடை. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பேட்டரியை வைத்து அண்ணாச்சி ஒவ்வொரு ஹார்னாக ஒயரைத் தொட்டுக் காட்ட, சாலை முழுக்க ஆட்கள் விலகி விலகி நடந்தார்கள். அப்பாவோ கச்சேரிக்கு வந்தவர்போலக் கண்ணை மூடிக்கொண்டு, இது அபஸ்வரம், இது வெறும் கத்தல் என்று ஒன்றொன்றாகத் தள்ளினார். கடைசியில் நத்தை வடிவத்தில் ஒரு ஜோடி. கண்ணைத் திறந்தவர், "ஷட்ஜமும் காந்தாரமும்னா சுத்தமா நிக்கறது" என்றார், எனக்கும் அண்ணாச்சிக்கும் பொதுவாக.

"கடப்புறத்து ஆளுவ பூரா இதத்தான் சார் கேட்டு வாங்கிட்டுப் போறாவ. காத்துல கரையாத சத்தம்லா" என்றார் அண்ணாச்சி.

கடற்கரைப் பக்கத்து அந்த ஆளுகள் யார், எந்த வண்டிக்கு வாங்குகிறார்கள் என்று அப்பா கேட்கவில்லை. அதைத் தரச் சான்றாக எடுத்துக்கொண்டார். அன்று சாயங்காலமே மெக்கானிக் அந்த ஜோடியைப் பொருத்தி, இரண்டு ஹார்னுக்குக் கரண்ட் கூடுதல் வேண்டும் என்று ஒரு "ரிலே"யும் வைத்துக் கொடுத்தார். வீடு வரும்வரை அப்பா அதை அடிக்கவே இல்லை. மறுநாள் காலையில் ஜெயா அத்தையைப் பெண் பார்க்க வருகிறார்கள். தட்டித் தட்டிப் போன இடங்களுக்குப் பிறகு, ஜாதகம் பொருந்தி, ஆள் பார்க்கும் வரைக்கும் வந்திருந்த இடம். "அவாள ஏத்திண்டு நம்ம தெருவுல நுழையறச்சே முதல் முதலா அடிக்கணும்" என்றார் அப்பா.

பெண் குழந்தை கூட இருந்தால் நல்லது என்று அம்மா என்னையும் ஸ்டேஷனுக்கு ஏற்றிவிட்டாள். திரும்பும்போது முன்சீட்டில் மாப்பிள்ளைக்கும் அப்பாவுக்கும் நடுவில் நான். பின்சீட்டில் மாப்பிள்ளையின் அப்பா, அம்மா. தெருமுனை வந்தது. அப்பா நிமிர்ந்து உட்கார்ந்து, நிறுத்தி, நீளமாக அழுத்தினார்.

முதலில் வந்தவை பூனைகள். மதிலிலிருந்து குதித்தும் ஓட்டுச் சாய்விலிருந்து இறங்கியும் வாலைத் தூக்கிக்கொண்டு காரை நோக்கி ஓடி வந்தன. பின்னாலேயே கேட்டுகள் திறந்தன. பெண்கள் கையில் சட்டியோடு வந்து காரைச் சூழ்ந்துகொண்டார்கள். தினமும் பதினோரு மணி வாக்கில் தெருவுக்கு வரும் மீன் ஆட்டோவின் ஹார்ன் அதே ஜோடி. கோட்டைக்குள் மீன் வண்டி நுழைந்ததில்லை. இங்கே அப்பா அந்நேரத்துக்கு ஆபீஸில். நானும் அத்தையும் பள்ளிக்கூடம், டைப் கிளாஸ் என்று போயிருப்போம். லீவு நாட்களில் காலையிலேயே காரில் கோட்டைக்குள் பழைய தெருவுக்குப் போய்விடுவோம். அம்மா "வாசனை" என்று ஜன்னலை இறுகச் சாத்திவிடுவாள். தெரு முழுவதற்கும் தெரிந்த சத்தம் எங்கள் ஒரு வீட்டுக்குத்தான் தெரியாது.

அடுத்த வீட்டுச் சந்திரிகா சேச்சி அப்பாவின் பக்கத்து ஜன்னலுக்கே வந்து குனிந்து, "நெத்தோலி உண்டோ?" என்று கேட்டுவிட்டாள். கேட்ட பிறகுதான் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு வந்து, அதை அடக்க வாயைப் பொத்தினாள். அப்பாவும் சிரித்திருந்தால் அது அங்கேயே முடிந்திருக்கும்.

பின்சீட்டில் மாப்பிள்ளையின் அம்மா மூக்கில் தலைப்பை வைத்துக்கொண்டதைக் கண்ணாடியில் அப்பா பார்த்தார். சேச்சியிடம் எப்போதும் மலையாளத்தில் பேசுகிறவர், பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கட்டும் என்று தமிழில் சொன்னார்: "மனுஷாளப் பாத்தா தெரியாது? நாத்தம் பிடிச்ச சட்டிய வண்டிமேல படாம எடுத்துண்டு போ."

தமிழ் புழங்கும் சாலைக் கடைத்தெருவை ஒட்டி வளர்ந்த சேச்சிக்கு அது ஒரு எழுத்து விடாமல் புரிந்தது. சட்டியைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். நாங்கள் குடிவந்த புதிதில் மோட்டார் ஓடாமல் தவித்த நாட்களில், தான் புழங்காத புது பிளாஸ்டிக் வாளி ஒன்றை எங்களுக்கென்றே தனியாக வைத்து, "இதில் மீன் தொட்டிட்டில்லா" என்று சொல்லிச் சொல்லி, மதிலுக்கு மேலாகத் தண்ணீர் தந்தவள் அவள்.

அத்தை ஜன்னலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். நமஸ்காரம் பண்ணினாள், காப்பி கொடுத்தாள், உட்கார்ந்தாள். இந்தத் தெருவில் எப்போதும் இப்படித்தானா, அக்கம்பக்கத்தோடு ரொம்பப் புழக்கமோ என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டதும், அப்பா இல்லவே இல்லை என்று வேகமாகத் தலையாட்டினார். அத்தை குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "உண்டு மாமி. வந்த புதுசுல ரெண்டு வாரம் அந்தாத்துத் தண்ணியிலதான் சமைச்சோம். குடிச்சோம்."

டம்ளர்கள் கீழே வைக்கப்பட்டன. போகும்போது அவர்கள் எங்கள் காரில் ஏறவில்லை, ஆட்டோ கூப்பிட்டுக்கொண்டார்கள்.

"மானம் போச்சு, மானம் போச்சு" என்று அம்மா அன்று முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தாள். பூனைகள் வந்ததைத்தான் சொல்கிறாள் என்று நினைத்தேன். நானும் அதற்குத்தான் வெட்கப்பட்டேன்; பள்ளிக்கூடத்தில் யாருக்காவது தெரிந்துவிடுமோ என்று. மானம் எந்த இடத்தில் போயிற்று என்று தெரிய எனக்கு வருஷங்கள் ஆயின. அப்பாவுக்கு அன்றே தெரிந்திருக்கும். சாயங்காலம் பானெட்டைத் திறந்து அந்த ஜோடியைத் தாமே திருகிக் கழற்றிவிட்டு, பழைய சிணுங்கலைத் திரும்பப் பொருத்தினார். கார் கைவிட்டுப் போகும்வரை எங்கள் தெருவுக்குள் அதைக்கூட அவர் அடித்ததில்லை. சேச்சி வீட்டைக் கடக்கும்போது தலையைக் குனிந்துகொள்வார். ஒரு வார்த்தை போய்ச் சொல்லியிருக்கலாம். குனியத் தெரிந்தவருக்குச் சொல்ல வரவில்லை. சேச்சி அம்மாவோடு மதிலருகே பேசுவதை நிறுத்தவில்லை. மதில்மேல் இருந்த அந்த வாளியை மட்டும் பிறகு காணோம். அத்தைக்குப் பின்னால் வேறு இடத்தில் கல்யாணம் நடந்தது. அவர்கள் பஸ்ஸில் வந்தார்கள்.

இப்போது அப்பா இல்லை, அம்மா இல்லை, வீட்டையும் விற்றாயிற்று. அந்த சிக்னலில் நின்றதே சாவியைக் கொடுக்கப் போகிற வழியில்தான். தெருவில் ஓட்டுவீடே இல்லை. மீன், போனில் சொன்னால் வெட்டிக் கழுவி, பெட்டியில் அடைத்து, சத்தமில்லாமல் வாசலில் வைக்கப்படுகிறது. பூனைகள் எதைக் கேட்டு ஓடி வரும்?

அன்று சாவியைக் கொடுத்துவிட்டு நான் வெளியே வந்தபோது, சேச்சி கம்பை ஊன்றிக்கொண்டு கேட் வரைக்கும் வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். நாற்பது வருஷமாக எங்கள் வீட்டில் யாரும் சொல்லாத வார்த்தையைச் சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். "சேச்சி, அப்பா அன்னிக்கு..." என்பதற்குமேல் குரல் எழும்பவில்லை. எங்கள் காரின் முதல் ஹார்ன் மாதிரி ஏதோ ஒன்றுதான் வந்தது.

சேச்சி என் கன்னத்தைத் தட்டினாள். பல்லில்லாத சிரிப்பு.

"இனி வரும்போ முக்கிலேயே ஹோர்ன் அடிக்கணும், கேட்டோ மோளே. நான் சட்டி எடுத்திட்டு வராம்."