ஆளில்லாமல் அனுப்பும் லிப்ட்

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டில் ஒரு வழக்கம் உண்டு. கரண்ட் போய் வந்தால் காவலாளி லிப்டை ஆளில்லாமல் ஒருமுறை மேலே அனுப்புவார். அது திரும்பக் கீழே வந்து கதவைத் திறந்தால் லிப்ட் சரி, எல்லோரும் ஏறலாம். குடியிருப்பாளர்கள் கூட்டம் போட்டுத் தீர்மானித்த சோதனை இது.

அன்று காலையும் கரண்ட் வந்ததும் அதைச் செய்தார். நான் அப்பாவைச் சக்கர நாற்காலியோடு ஆறாம் மாடியில் லிப்டில் ஏற்றினேன். அவருக்கு டயாலிசிஸ். எட்டரைக்குள் ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் கட்டிலை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். கால் வீங்கி, மூச்சு வாங்கிக்கொண்டிருந்த மனிதன் அடுத்த முறை வரும்வரை கிடக்க வேண்டும்.

நாலாம் மாடிக்குச் சற்று மேலே லிப்ட் நின்றது.

பெல்லை அமுக்கினேன். சத்தமில்லை. போனில் சிக்னல் இல்லை. செருப்பைக் கழற்றிக் கதவில் அடித்தேன். கை வலித்த பிறகுதான் வெளியே காவலாளியின் குரல் கேட்டது.

"செக் பண்ணிட்டுத்தான் அக்கா வுட்டேன். மேல போச்சு, கீழ வந்துச்சு."

"பெல் வேலை செய்யேல்லையே?"

"அது உள்ளுக்குள்ள இருக்கு அக்கா. ஆளில்லாத லிப்டுல யாரு அமுக்குறது?"

கெட்ட வார்த்தையில் திட்டினேன். அவர் சொன்னது சரி என்பதால் இன்னும் பலமாகத் திட்டினேன். அத்தனை படித்தவர்கள் கூடித் தீர்மானித்த சோதனையில் உள்ளே ஒரு மனிதன் இருப்பான் என்ற நினைப்பே இல்லை.

"கத்தாதை பிள்ளை," என்றார் அப்பா. "இருக்கிற காத்தை நீயே முடிக்கிறாய்."

மெக்கானிக் வந்து லிப்டை நாலாம் மாடிக்கு இறக்கிக் கதவைத் திறந்தார். வெளியே வந்து என்ன பயன்? அந்த ஒடுக்கமான படியில் நாற்காலி இறங்காது. அவர் எதையோ தட்டினார், லிப்டை ஆளில்லாமல் மேலும் கீழும் ஓடவிட்டார்.

"ஹரி மிஸ்," என்று சிங்களத்தில் 'சரி' சொன்னார். "இப்ப ஓகே, போங்க."

"அப்ப நீங்களும் எங்களோட ஏறுங்கோ."

அவர் சாமான் பையைத் தோளில் போட்டார். "நான் படியால வாறன்."

நான் வழியை மறித்து நின்றேன்.

"அந்தாளோட சண்டை பிடிச்சுக் கட்டிலை விடப்போறியோ?" என்றார் அப்பா. "தள்ளு."

நாற்காலியை லிப்டுக்குள் தள்ளினேன்.