நாகராஜன் வீட்டுப் பாதிப் புடவை

நாகராஜனை எனக்கு இரண்டு வருடமாகத் தெரியும். பக்கவாதத்தில் வலது கையும் காலும் விழுந்தபோது, அவரைப் பார்த்துக்கொள்ள என்னை வைத்தார்கள். ஆர்.கே.பேட்டையில் விசைத்தறி ஓட்டியவர். இப்போது திருத்தணியில் மகன் முரளிதரன் வீட்டில் இருக்கிறார். நல்ல மனிதர், வாய் மட்டும் கொஞ்சம் அதிகம். தண்ணீரைச் சிறு மடக்காகக் குடிக்கச் சொன்னால் கேட்கமாட்டார். புரையேறிய பிறகு என்னைத் திட்டுவார்.

அவருடைய ஒரே கவலை பேத்தி ஷாலினியின் தலைமுடி. முதல் முடி குலதெய்வத்துக்குத்தான் என்பார். அந்தத் தெய்வம் எது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆந்திரப் பக்கமிருந்து முதலில் வந்து குடியேறிய மூதாதை எந்த ஊர் என்று தெரிந்தால்தான் அவருடைய தெய்வமும் தெரியும். கால் நன்றாக இருந்தபோது பள்ளிப்பட்டு வழியாகப் பஸ் மாறிப் போய், எல்லையோர நெசவு ஊர்களில் விசாரித்திருக்கிறார். தெற்கே போன ஒரு நெசவுக்காரரைப் பற்றி எவரும் கேள்விப்பட்டிருக்கவில்லை. குழந்தைக்கு நான்கு வயதாகிவிட்டது.

மருமகள் சுசித்ராதான் தினமும் அந்தச் சிக்கோடு மல்லுக்கட்டுகிறவள்.

"நாடே மொட்டை போட இந்த ஊருக்கு வருது மாமா. நாம மட்டும் மலையடிவாரத்துல உக்காந்துகினு பேன் பாக்கறோம். பள்ளிக்கூடம் திறக்கறதுக்குள்ள உங்க சாமியக் கண்டுபிடிங்க. இல்லன்னா மலைமேலயே எடுத்துடுவேன்."

"மலைக்கு ரெண்டாவது மொட்டைம்மா. முறைன்னு ஒண்ணு கீதில்ல."

மூதாதையின் அடையாளமாக அந்த வீட்டில் இருப்பது ஒரு கல். தறி ஓடும் பின்கொட்டகையில், மூலையில் இருக்கிறது. அதற்கு நைனா கல், அதாவது அப்பா கல், என்று பெயர். தை மாதம் அதற்குப் புதுப் புடவை வைப்பார்கள். முழுப் புடவை கூடாது. பாதி நெய்து, தறியிலிருந்து அப்படியே அறுத்து வைக்க வேண்டும். பிறகு அது ஷாலினிக்குப் பாவாடையாகும். ஏன் பாதி என்று ஒருமுறை கேட்டேன். "எங்க முன்னோரு கஞ்சனா இருந்திருப்பாரு" என்றார்.

மே மாதம் முரளிதரன் கார் அமர்த்தினான். நகரி பக்கத்தில் நாகராஜன் இன்னும் பார்க்காத ஒரு சின்ன ஊர் மிச்சமிருந்தது. நானும் போனேன். நெசவுத் தெருவில், அங்கே மூத்தவரான யோகலட்சுமியின் வீட்டைக் காட்டினார்கள். நாங்கள் வந்த காரியத்தை அந்த அம்மாள் ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டே கேட்டார். தமிழ் நன்றாகப் பேசினார்.

"அந்த மாதிரி ஆம்பள யாரும் இங்கேருந்து போகலையே."

நாகராஜனின் முகம் தொங்கிவிட்டது. கிளம்பலாம் என்றார். வெயிலில் வந்தவரை உடனே எழுப்ப எனக்கு மனமில்லை. தண்ணீர் குடிக்க வைத்தேன். குடித்துக்கொண்டே புலம்பினார்.

"வருசம் தவறாம அவருக்குப் புடவை வைக்கிறோம். ஒரு வழி காட்ட மாட்றாரே."

ராட்டை நின்றது. "ஆம்பளைக்குப் புடவையா?"

"நாங்க நெய்யறது புடவைதானேம்மா. நெய்யறதத்தானே வைக்கணும்."

"நாங்களும்தான் புடவை நெய்யறோம். எங்க தாத்தனுக்கு வேட்டி கடையில வாங்கி வைக்கறோம். கல்லு ஆம்பளன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"எங்க நைனா."

"அவருக்கு?"

"அவங்க நைனா" என்று முரளிதரன் சொல்லிவிட்டுச் சிரிக்க, நாகராஜன் முறைத்தார். "அதுவும் பாதிப் புடவைதான் வைக்கணும்" என்று முனகினார்.

அந்த அம்மாள் எழுந்து கிட்டே வந்தார். "பாதியா? அறுத்தா?"

"ஆங்."

பிறகு அவர் சொன்னது இது. பல தலைமுறைக்கு முன் அந்த வீட்டுப் பெண் ஒருத்தி, நாகம்மா. புருஷன் செத்ததும் பிறந்த வீட்டுக்கு வந்து தறியில் உட்கார்ந்திருக்கிறாள். ஒருநாள் அண்ணன் பெண்டாட்டி சோற்றைச் சொல்லிக் காட்ட, நெய்துகொண்டிருந்த புடவையைப் பாதியில் அறுத்து எடுத்துக்கொண்டு, இரண்டு பிள்ளைகளோடு தெற்கே நடந்துவிட்டாள். பிறகு திரும்பவே இல்லை.

இது ருசுவா என்றால் எனக்குத் தெரியாது. நாகராஜன் நம்பினார். எனக்கும் சந்தேகப்படக் காரணம் கிடைக்கவில்லை.

"அவ புருசன் எந்த ஊரு?" என்று கேட்டார். குலதெய்வம் அந்த வழியில்தானே வரும்.

"அது யாருக்குத் தெரியும்? நாங்க உங்களுக்குத் தாய்மாமன் வீடு. சாமிய எங்ககிட்டக் கேட்டா?"

வீட்டுக்குத் திரும்பியதும் நாகராஜன் நேராகக் கொட்டகைக்கு நடத்திப் போகச் சொன்னார். கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் நாற்காலி போட்டேன்.

"ரெண்டு பசங்கள இட்டுக்கினு நடந்தவ. இவள வுட்டுட்டு நான் வேற எந்த சாமியத் தேடறேன்க்கா?" என்று என்னைக் கேட்டார். உடனே உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "சுசித்ரா, முடி எடுக்கறவர வரச் சொல்லும்மா. இங்கதான்."

"இதத்தானே மாமா நாலு வருசமாக் கேக்கறேன்?"

"நீ மலைய இல்ல கேட்ட?"

அடுத்த வெள்ளிக்கிழமை கல்லுக்கு எதிரே, சுசித்ராவின் தம்பி மடியில் உட்கார வைத்து ஷாலினிக்கு மொட்டை போட்டார்கள். பிள்ளை கத்தித் தீர்த்தது. யோகலட்சுமியம்மாள் தாய்மாமன் வீட்டுச் சீராகத் தட்டில் ஒரு முழுப் புடவையோடு வந்தார். கல்லுக்குச் சாத்தப் போனவரை நாகராஜன் தடுத்தார்.

"பாதிதாம்மா வழக்கம். முழுசக் கொடுத்தா யாரோன்னு நினைச்சிப்பா."

அந்தப் புடவை சுசித்ராவுக்குப் போயிற்று. நாகராஜன் சிரித்துக்கொண்டே பாயசத்தை ஒரே மூச்சில் குடித்தார். புரையேறிற்று, என்னைத் திட்டினார்.